போர்க்காலக் கடிதங்கள்: வாசகர் கேள்வி பதில்

பழைய கடிதங்களைப் பேணுவது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் இரண்டாம் உலகப் போர்க்காலக் கடிதங்கள் பற்றியவை. கொக்குவில் வாசகி ஒருவர் அமெரிக்கச் சிப்பாய் ஒருவரின் கடிதங்களைப் பற்றி நான்கு பக்கத்தில் எழுதியிருந்தார். அவருடைய கேள்விகளைப் பிரித்து, மற்றவர்களின் கேள்விகளோடு சேர்த்துத் தருகிறோம்.

என் மகன் அமெரிக்காவில் மணம் முடித்தவர். மருமகளின் அம்மப்பா 1942 முதல் 1945 வரை அமெரிக்கத் தரைப்படையில் இருந்தவர். கடல் கடந்து போகவில்லை, உள்நாட்டு முகாம்களிலேயே கழித்தவர். அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருக்கின்றன. நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை என்பதால், வாசித்துத் தட்டச்சுச் செய்து தரும்படி விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்து தந்துவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது? (கொக்குவில்)

வாசிப்பதில் தொடங்காதீர்கள். ஆர்வம் இழுக்கும்தான், ஆனால் முதல் நாள் வேலை படம் எடுப்பது. மூடியைத் திறந்தபடி பெட்டியை ஒரு படம், பிறகு ஒவ்வொரு கட்டையும் அவிழ்க்க முன் ஒரு படம். கடிதங்களைப் பெற்ற அந்த மனைவி எப்படிக் கட்டி வைத்தாரோ அந்த ஒழுங்கும் ஒரு தகவல்தான். ஒரே நாடாவால் கட்டியவை ஒரே முகாமிலிருந்து வந்தவையாக இருக்கலாம். எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவிட்டால் அந்தத் தகவல் போய்விடும்.

கையுறை தேவையில்லை. துணிக் கையுறையோடு தாளைப் பிடித்தால் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழியும். சவர்க்காரம் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்த கையே நல்லது. மேசையில் தேத்தண்ணியும் பேனையும் இருக்கக்கூடாது. எழுத வேண்டுமென்றால் 2பி பென்சில் மட்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண் கொடுத்து, தாளின் பின்புறம் கீழ் மூலையில் மெல்லியதாக எழுதுங்கள். உறை 17அ என்றால் உள்ளிருந்த தாள்கள் 17ஆ, 17இ. முத்திரைக் குத்தின் மேல் எதுவும் எழுத வேண்டாம்.

குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் துருவோடு தாளும் வரும். மெல்லிய பிளாஸ்ரிக் துண்டு ஒன்றைக் கிளிப்புக்கும் தாளுக்கும் இடையே முன்னும் பின்னும் செருகி, கிளிப்பின் கால்களை விரித்து எடுங்கள். காய்ந்து இறுகிய இறப்பர் பட்டியைக் கத்தரியால் வெட்டி, ஒட்டிய துண்டுகளை மழுங்கிய கத்தியால் மெதுவாக நெம்புங்கள். உள்ளே பத்திரிகை வெட்டுத்துண்டு இருந்தால் அதற்கு எண் போட்டுத் தனியே வையுங்கள். பத்திரிகைத் தாளின் அமிலம் பக்கத்துத் தாளில் அதே சதுர வடிவில் மண்ணிறக் கறை போட்டுவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியம் உறை. இடம் மிச்சம் என்று உறைகளை எறிபவர்கள் கடிதத்தில் பாதியை எறிகிறார்கள். சிப்பாய் உள்ளே “செவ்வாய் இரவு” என்று மட்டும் எழுதியிருப்பார். திகதி, முகாம், படைப்பிரிவு, பதவி, சில வேளைகளில் படை எண் எல்லாம் இருப்பது உறையில். உறையும் தாளும் ஏற்கெனவே பிரிந்து போயிருந்தால் மடிப்பின் அளவு, மையின் நிறம், தாளில் இருக்கும் முகாமின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு ஓரளவு பொருத்தலாம். படித்து முடித்த தாளை மீண்டும் மடித்து உறைக்குள் திணிக்க வேண்டாம். ஒவ்வொரு மடிப்பும் அதே கோட்டில் விழுந்து, கடைசியில் அந்தக் கோட்டில் தாள் இரண்டாகும். விரித்த தாளும் வெறும் உறையும் ஒரே கோவைக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கட்டும்.

உறைகளில் பெரும்பாலானவற்றில் முத்திரையே இல்லை. வலது மேல் மூலையில் ‘ஃபிறீ’ என்று கையால் எழுதியிருக்கிறது. யாரும் முத்திரையைக் கிழித்து எடுத்துவிட்டார்களா? (அதே வாசகி)

இல்லை, அப்படித்தான் இருக்கும். 1942 மார்ச் 27ஆம் திகதிச் சட்டப்படி அமெரிக்கப் படையினர் சாதாரணக் கடிதத்துக்கு முத்திரை ஒட்டத் தேவையில்லை. முத்திரை இருக்கவேண்டிய இடத்தில் ‘ஃபிறீ’ என்று கையால் எழுதி, இடது மேல் மூலையில் பெயர், பதவி, பிரிவு ஆகியவற்றைப் போட்டால் போதும். ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடல் கடந்தவர்களுக்கு மட்டுமல்ல, உள்நாட்டு முகாமில் இருந்தவர்களுக்கும் இது பொருந்தியது. ஆகவே 3 சத முத்திரையோடு ஒரு முகாம் கடிதம் இருந்தால் அது 1942 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்கலாம், அல்லது பழக்கத்தில் ஒட்டியதாக இருக்கலாம். சலுகை விமானத் தபாலுக்கு இல்லை; அவசரக் கடிதங்களில் விமானத் தபால் முத்திரை இருக்கும்.

மனைவி அவருக்கு எழுதிய கடிதங்களில் முத்திரை இருக்கும், ஏனெனில் சலுகை படையினருக்கு மட்டும். அப்படிப்பட்ட பதில் கடிதம் ஒன்றாவது பெட்டியில் கிடந்தால் கவனமாகப் பாருங்கள். முகாம் முகாமாக மாறுகிறவர் கட்டுக்கட்டாகக் கடிதம் சுமந்து திரிய முடியாது, ஆகவே அந்தப் பக்கக் கடிதங்கள் குறைவாகவே தப்பும்.

இன்னொன்று. போர்முனைக் கடிதங்களை அவரவர் பிரிவு அதிகாரியே வாசித்து, இடப்பெயர்களை வெட்டி அனுப்பினார். உள்நாட்டு முகாம்களிலிருந்து உள்நாட்டுக்குப் போன தபாலுக்கு வழமையாக அப்படித் தணிக்கை இல்லை. அதனால் இக்கடிதங்களில் ஊர், பயிற்சி, சாப்பாடு, சார்ஜன்ரைப் பற்றிய திட்டு எல்லாம் முழுதாக இருக்கும். போர்முனைக் கடிதம்தான் மதிப்பு, முகாம் கடிதம் சும்மா என்று நினைப்பவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்கவேண்டும். வரலாறு எழுதுகிறவருக்குப் பல வேளைகளில் இதுதான் கூடுதலாக உதவும்.

திகதிகளைப் போட்டு வரிசைப்படுத்த முயன்றால் குழப்பமாக இருக்கிறது. ஒரு கடிதத்தில் “வியாழன் இரவு, 3/4/43” என்று இருக்கிறது. ஏப்ரல் என்று அடுக்கினேன். ஆனால் அதில் கடும் குளிர் என்று எழுதியிருக்கிறார். (அதே வாசகி)

அது மார்ச் 4. அமெரிக்கர் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் போடுவார்கள். நாங்கள் நாளை முன்னே வாசித்துப் பழகியவர்கள், அதனால் எங்கள் கை தன்பாட்டில் ஏப்ரலுக்குப் போகும். குளிரை நம்பித் தீர்மானிக்கத் தேவையில்லை, கிழமையே சொல்லிவிடும்: 1943 மார்ச் 4 வியாழக்கிழமை, ஏப்ரல் 3 சனிக்கிழமை. ஆனால் இராணுவத்தில் சிலர் நாளை முன்னே எழுதப் பழகிவிடுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொன்றையும் கிழமையோடும் தபால் குத்தோடும் ஒப்பிடுங்கள். குத்துத் திகதி எழுதிய நாளுக்கு ஒன்றிரண்டு நாள் பிந்தியிருக்கும்.

குத்துத் தெளிவில்லாத உறையில் வேறு அடையாளங்கள் இருக்கும். நகரப் பெயருக்குப் பின் ஒன்றிரண்டு இலக்கம், உதாரணமாக ‘சிக்காகோ 12’ என்று இருந்தால் அது 1943 மே மாதத்துக்குப் பிந்தியது; பெரிய நகரங்களுக்கு வலய எண் கொடுத்தது அப்போதுதான். ஐந்து இலக்கக் குறியீடு இருந்தால் அது 1963க்குப் பிந்தி யாரோ எழுதியது. குமிழ்முனைப் பேனையால் எழுதியிருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்கக் கடைகளில் அது விற்பனைக்கு வந்தது 1945 ஒக்ரோபர் கடைசியில். 1943ஆம் ஆண்டு உறையில் குமிழ்முனை எழுத்து இருந்தால் அது பிற்காலத்தில் வீட்டார் போட்ட குறிப்பு.

பதவியும் உதவும். வெறும் பிறைவேற் (கடைநிலைச் சிப்பாய்), பிறகு முதல்தரப் பிறைவேற், பிறகு கோப்பிரல் என்று ஏறிக்கொண்டு போகும். ‘ரி/5’ என்பது கோப்பிரலுக்குச் சமமான தொழில்நுட்பப் பதவி. ஏறிய ஒழுங்கில் உறைகளை அடுக்கினால் பாதி வரிசை தானாக வரும். தண்டனையாகப் பதவி இறக்குவதும் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இடப்பெயரில் ‘கேம்ப்’ என்றால் பெரும்பாலும் போருக்காக எழுப்பிய முகாம், ‘ஃபோர்ட்’ என்றால் நிரந்தரத் தளம், ‘ஃபீல்ட்’ என்றால் அநேகமாகத் தரைப்படையின் விமானப் பிரிவு.

‘ஏ.பி.ஓ.’ (படைத் தபால் நிலையம்) என்று எண்ணோடு கண்டவுடன் ஆள் கப்பலேறிவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். அதன் கீழே நியூயோர்க் அல்லது சான் பிரான்சிஸ்கோ தபால் அதிபர் மேற்பார்வை என்று இருந்தால் பெரும்பாலும் கடல் கடந்த முகவரி. ரெனசி மாநிலத்து நாஷ்வில் என்று இருந்தால் அங்கு நடந்த பெரும் போர்ப் பயிற்சி, ஆள் உள்நாட்டில்தான்.

கடிதங்களில் பணக் கணக்கு நிறைய வருகிறது. 50, 22, 18.75 என்ற எண்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. (அதே வாசகி)

1942 யூனில் இருந்து பிறைவேற் ஒருவரின் மாதச் சம்பளம் 50 டொலர். திருமணமானவர் என்றால் அதில் 22 டொலரைப் பிடித்து, அரசு 28 டொலர் சேர்த்து, மனைவிக்கு 50 டொலராக அனுப்பினார்கள். கையில் மிஞ்சுவது 28. அதிலும் 10,000 டொலர் ஆயுள் காப்புறுதி எடுத்திருந்தால் இளவயதுக்காரருக்கு ஆறேழு டொலர் போகும். 18.75 என்பது போர்ப் பத்திரத்தின் விலை. பத்து வருடத்தில் முதிரும்போது 25 டொலர் கிடைக்கும். “இந்த மாதம் ஒன்றும் அனுப்ப முடியவில்லை” என்ற வரியை வாசிக்கும்போது இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

‘கே.பி.’ என்பது சமையற்கூட முறைவேலை, உருளைக்கிழங்கு உரிப்பதில் இருந்து சட்டி கழுவுவது வரை. ‘பி.எக்ஸ்.’ முகாமுக்குள் இருந்த கடை. ‘ஃபர்லோ’ நாட்கணக்கான விடுமுறை. ‘பாஸ்’ என்றால் சில மணித்தியாலத்துக்கோ ஒன்றிரண்டு நாளுக்கோ வெளியே போகும் அனுமதி. தட்டச்சுச் செய்யும்போது இவற்றை விரித்தெழுத வேண்டாம், எழுத்துப் பிழையையும் திருத்த வேண்டாம். ஆசிரியைக்கு இது கைக்கு வராத காரியம், தெரியும். வாசிக்க முடியாத சொல்லைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு விட்டுவிட்டு மேலே போங்கள். இருபது கடிதம் தாண்டினால் அவருடைய கையெழுத்துப் பழகிவிடும், முன்பு விட்ட சொற்கள் பல தானாக அவிழும்.

எங்கள் அப்பா 1942 முதல் 1944 வரை திருகோணமலையில் படைச்சேவையில் இருந்தவர். அம்மாவுக்குத் தமிழில் எழுதிய கடிதங்கள் றங்குப்பெட்டியில் கிடந்தன. சில மடித்தபடியே விறைத்துப்போய்விட்டன, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. வேப்பிலை போட்டு வைத்திருந்தும் இப்படி. (அளவெட்டி)

பச்சை வேப்பிலையைத் தாளோடு சேர்த்துப் போட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம். இலையின் ஈரம் தாளுக்குப் போகும், சாறு கறையாகும், காய்ந்த இலைத்தூள் வேறு பூச்சிக்கு இடமாகும். காய்ந்த வேப்பிலையையோ வசம்பையோ துணிப்பையில் கட்டி அலுமாரியின் மூலையில் வைப்பதில் கெடுதலில்லை, ஆனால் அது காவல் என்று நம்பியிருக்க வேண்டாம். நப்தலின் உருண்டையின் ஆவி வாசிப்பவர் நெஞ்சுக்கும் ஆகாது.

முதலில் பூச்சியை அழியுங்கள். கடிதங்களைப் பொலித்தீன் பையில் இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, ரேப் ஒட்டி மூடி, இன்னொரு பைக்குள் போடுங்கள். பிறிட்ஜில் ஐஸ் கட்டும் சிறு தட்டு இதற்குப் போதாது. அதன் குளிர் ஏறி இறங்கும். மீன் வைக்கும் டீப் பிறீசரில் சுழியத்துக்குக் கீழ் 18 பாகையில் இரண்டு கிழமை இருக்கட்டும். எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் மேசையில் விடுங்கள். குளிர்ந்த தாளை உடனே திறந்தால் எங்கள் ஊர்க் காற்றின் ஈரம் அதில் வியர்வையாகப் படிந்து மை கரையும். பிறீசரில் மின்தடை நீண்டு குளிர் போய்விட்டால் இரண்டு கிழமையைத் திரும்ப முதலில் இருந்து எண்ணுங்கள்.

அடுத்தது விறைத்த மடிப்பு. முதலில் மையைச் சோதியுங்கள்: பஞ்சுக் குச்சியின் நுனியைத் தண்ணீரில் தொட்டு, வடிய விடாமல் துடைத்து, ஒரு முற்றுப்புள்ளியின் மேல் ஒரு கணம் ஒற்றி எடுங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அந்தக் கடிதத்தை ஈரத்துக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். வராவிட்டால் மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் பெட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த துவாயை விரித்து, அதன்மேல் கம்பித்தட்டு, தட்டின்மேல் கடிதம். தாள் துணியைத் தொடக்கூடாது. மூடிவிட்டு அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள். ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் தாள் தளர்ந்து, மடிப்பு விரலுக்குப் பணியும். இரவு முழுக்க விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தளர்ந்ததும் விரித்து, மை உறிஞ்சும் தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, தட்டையான பலகையும் நாலைந்து புத்தகமும் பாரம் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். உறையை இந்தப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம்; மூடியின் பசை இளகித் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

றங்குப்பெட்டி துருப்பிடிக்கும், சீமெந்துத் தரையில் வைத்தால் மாரியில் அடியில் ஈரம் கட்டும். கடிதங்களைப் பொலிபுறொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் கோவையில் இட்டு, தடித்த மட்டைப்பெட்டியில் படுக்கையாக அடுக்கி, நிலத்தில் இருந்து ஒரு முழமாவது உயரத்தில், வெளிச்சுவரில் முட்டாத அலுமாரித் தட்டில் வையுங்கள். மேல்தட்டும் வேண்டாம், ஓடு ஒழுகினால் முதலில் நனைவது அதுதான். ஐப்பசி தொடங்க முன் ஒருமுறையும் தைப்பொங்கல் கழிந்து ஒருமுறையும் திறந்து பாருங்கள்.

திகதி பற்றியும் ஒரு சொல். அப்பா “சித்திரை 9” என்று எழுதியிருந்தால் இரண்டு வழி உண்டு. எங்கள் ஆட்கள் ஏப்ரலையே சித்திரை என்று எழுதுவார்கள்; பஞ்சாங்க மாதத்தின்படி எழுதுவோரும் இருந்தார்கள். முன்னதென்றால் 1942 ஏப்ரல் 9, யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட நாள், வியாழக்கிழமை. பின்னதென்றால் ஏப்ரல் 21 அல்லது 22. குண்டுவீச்சன்று எழுதிய கடிதம் என்று கொண்டாடுவதற்கு முன் கிழமையையும் தபால் குத்தையும் பாருங்கள். தமிழ் வருடப் பெயர் இருந்தால் அதுவும் உதவும்: சித்திரைப் புத்தாண்டு தொடக்கம் 1942–43 சித்திரபானு, 1943–44 சுபானு, 1944–45 தாரண. உறையில் ‘ஓ.ஏ.எஸ்.’ என்று எழுதியிருந்தால் அது படைச்சேவைக் கடிதம் என்பதற்கான பிரித்தானியக் குறி.

கடிதங்களை லமினேற் செய்து வைத்தால் நிரந்தரமாக இருக்கும் என்று கடைக்காரத் தம்பி சொல்கிறார். (சாவகச்சேரி)

செய்யாதீர்கள். நூறு பாகைக்கு மேல் சூடாகும் உருளைக்கு நடுவே பழைய தாள் போகிறது. உருகிய பிளாஸ்ரிக் தாளின் நாருக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. தாளின் அமிலமும் உள்ளேயே பூட்டுப்பட்டுவிடும். செலோ ரேப்பும் இதே இனம்தான். பத்து வருடத்தில் நாடா உதிரும், பசை மட்டும் மஞ்சளாகத் தாளில் ஊறி நிற்கும். கோதுமை மாப் பசையும் வேண்டாம், பூச்சிக்குப் பந்தி வைத்ததாகிவிடும். கிழிந்த துண்டுகளை ஒட்டாமலே தெளிந்த கோவைக்குள் பொருத்தி வையுங்கள். கோவை வாங்கும்போது மறுசுழற்சி அடையாள முக்கோணத்தில் 5 இருந்தால் பொலிபுறொப்பிலீன், நல்லது. 3 என்றால் பி.வி.சி.; அது காலப்போக்கில் ஒட்டும், மையை இழுத்துக்கொள்ளும்.

ஸ்கானர் இல்லை. போனால் படம் எடுத்தால் போதுமா? பென்சிலால் எழுதியவை தெரிவதே இல்லை. (உரும்பிராய்)

போதும், ஒழுங்காக எடுத்தால். காலை ஒன்பது பத்து மணிக்கு விறாந்தை நிழலில், நேர்வெயில் படாத மேசையில், தாளுக்குக் கீழே கறுப்பு அல்லது சாம்பல் மட்டை. போனைக் கையில் பிடிக்காமல் இரண்டு புத்தக அடுக்குக்கு மேல் பாலம் போல வைத்த பலகையில் தாளுக்குச் சமாந்தரமாக நிறுத்துங்கள். சரிந்தால் ஒரு பக்க எழுத்துப் பெருத்து மறுபக்கம் சிறுக்கும். ஃபிளாஷ் வேண்டாம். நிறப்படமாக எடுங்கள், தாளைக் கறுப்பு வெள்ளையாக்கும் ஸ்கான் செயலிகள் மெல்லிய பென்சில் கோட்டை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடும். வெறுமையான பின்பக்கத்தையும் விடாதீர்கள், உறையின் இரு பக்கமும் எடுங்கள்.

பென்சில் எழுத்து மினுங்கும் தன்மை உள்ளது. ஜன்னலைப் பார்த்தபடி தாளைச் சற்றுச் சரித்தால் எழுத்து வெள்ளியாகத் தெரியும் ஒரு கோணம் வரும். அந்தக் கோணத்திலேயே இன்னொரு படம் எடுங்கள். மண்ணிறமாக மங்கிய மைக்கு வேறு வழி: படத்தைத் திருத்தும் மென்பொருளில் நீல நிற வழியை (புளூ சனல்) மட்டும் தனியே பார்த்தால் எழுத்துக் கறுப்பாக எழும்பும்.

ஸ்கானர் கிடைத்தால் எழுத்துக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்), பென்சிலுக்கும் தபால் குத்துக்கும் 600. மூலப் பிரதியைத் தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில்.

அந்த அமெரிக்கரின் சேவைப் பதிவை எடுக்க முடியுமா? தீயில் எரிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். (கொக்குவில்)

மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸ் நகருக்கு அருகில் இருந்த தேசியப் பணியாளர் பதிவு நிலையத்தில் 1973 யூலை 12ஆம் திகதி தீப்பிடித்தது. ஒரு கோடியே அறுபது முதல் எண்பது லட்சம் கோவைகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோவைகளில் சுமார் 80 வீதம் போய்விட்டது. 1945இல் விலகியவர் என்றால் அந்தக் காலப்பகுதிக்குள்ளேயே விழுகிறார். ஆனாலும் விண்ணப்பியுங்கள், ஓரம் கருகித் தப்பிய கோவைகளும் உண்டு. படிவத்தின் பெயர் எஸ்.எஃப். 180. சேவையிலிருந்து நீங்கி 62 வருடம் கடந்துவிட்டதால் யாரும் கேட்கலாம், உறவுச் சான்று தேவையில்லை.

கோவை இல்லை என்று பதில் வந்தால் உறைகள் கைகொடுக்கும். ஒவ்வொரு படைக் கம்பனியும் நாள்தோறும் யார் வந்தார், யார் மருத்துவமனைக்குப் போனார், யாருக்குப் பதவி ஏறியது என்று ‘காலை அறிக்கை’ எழுதியது. அவை தனியே பேணப்பட்டன. அவற்றைத் தேடப் பிரிவின் பெயரும் திகதியும் வேண்டும். இரண்டும் உங்கள் உறையின் இடது மூலையிலும் வலது மூலையிலும் இருக்கின்றன. எட்டு இலக்கப் படை எண் கிடைத்தால் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆட்சேர்ப்புத் தரவில் தேடலாம். ஏறத்தாழ 90 லட்சம் பதிவுகள் இணையத்தில் உள்ளன. முதல் இலக்கம் 1 என்றால் பெரும்பாலும் தானாகச் சேர்ந்தவர், 2 தேசியக் காவற்படை, 3 அல்லது 4 கட்டாய ஆட்சேர்ப்பில் வந்தவர். விலகற் பத்திரத்தைச் சொந்த மாவட்ட நீதிமன்றத்தில் பதிந்து வைக்கும் வழக்கமும் இருந்தது. மருமகளை அங்கேயும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மாரியில் கூரை ஒழுகி ஒரு கட்டு நனைந்துவிட்டது. (பருத்தித்துறை)

வெயிலில் போடாதீர்கள், தாள் சுருண்டு மை வெளிறும். இரண்டு நாளுக்குள் காயவைக்க முடியாவிட்டால் பூஞ்சணம் தொடங்கிவிடும். சில தாள்கள்தான் என்றால் வெள்ளைத் துணியின்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பி, காற்றாடியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி விடுங்கள். காற்று நேரே தாளில் அடிக்கக்கூடாது. ஒட்டியவற்றைப் பிரிக்க முயலாமல் கட்டோடு பையில் இட்டு டீப் பிறீசரில் வைத்துவிட்டால் சிதைவு அந்த இடத்திலேயே நிற்கும். பிறகு ஆறுதலாக ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பார்க்கலாம். பூஞ்சணம் பிடித்ததை முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் உள்ளே தேய்த்துவிடுவீர்கள்.

தட்டச்சு முடிந்ததும் கடிதங்களைப் புத்தகமாகப் போடலாமா? மூலக் கடிதங்களை எப்படித் திருப்பி அனுப்புவது? (கொக்குவில்)

தாள் யாரிடம் இருந்தாலும் எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. அமெரிக்கச் சட்டப்படி அச்சேறாத கடிதத்துக்கு எழுதியவர் இறந்து 70 வருடம்வரை உரிமை உண்டு. இலங்கையிலும் பொதுவான கால அளவு அதுதான். ஆகவே மருமகளோடு அவருடைய தாயாரும் மற்றப் பேரப்பிள்ளைகளும் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். கடிதங்களில் பெயர் வரும் மூன்றாம் ஆட்களின் நோய், கடன், குடும்பச் சண்டை ஆகியவற்றை அச்சில் சேர்க்காமல் விடுவதே நல்லது. தட்டச்சுப் பிரதியில் முழுதாக இருக்கட்டும்.

அளவெட்டி வாசகரின் திருகோணமலைக் கடிதங்கள் போன்றவற்றின் மின்பிரதியை, குடும்பத்தார் சம்மதித்தால், ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்கலாம்.

அமெரிக்கக் கடிதங்களைத் தபாலில் அனுப்ப வேண்டாம். எண் வரிசைப்படி கோவையில் இட்டு, பத்துப் பத்தாக இரண்டு தடித்த மட்டைக்கு நடுவே வைத்து, பருத்தி நாடாவால் இறுக்காமல் கட்டி, போகிறவர் கைப்பையில் கொடுத்துவிடுங்கள். விமான நிலைய எக்ஸ்றேயால் தாளுக்கோ மைக்கோ கெடுதலில்லை. பெட்டியில் கழுவாத புகைப்படச் சுருள் ஏதும் கிடந்தால் அதை மட்டும் தனியே எடுத்துக் கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். கொடுக்க முன் எண்களைப் பட்டியலோடு ஒருமுறை சரிபார்த்து, பட்டியலின் ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.